பதினோராவது ஊசி

என் மனைவி ஊசியை விழுங்கியபோது நான் அவளிடமிருந்து பத்தடி தூரத்தில் சாளை மீனை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு எண்பத்தாறு வயது. அதற்குப் பிறகு எத்தனையோ கெட்ட செய்திகளைக் கேட்டுவிட்டேன். எதற்கும் அன்று போல நான் பயந்ததில்லை.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடிக்குக் கப்பல் வரத்து குறைந்து, நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. துணிக்கும் தட்டுப்பாடு. மனைவிக்கு ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளையைக் கிடத்த ஒரு விரிப்பு வேண்டும் என்று, என் பழைய வேட்டிகள் இரண்டை உள்ளே வைத்து, மேலும் கீழும் தன்னுடைய நைந்த சேலைகளை வைத்து, நான்கு அடுக்காகக் கையாலேயே தைக்க ஆரம்பித்திருந்தாள்.

இப்படிப்பட்ட விரிப்பைப் பாயில் பரப்பி, அதன் நடுவில் உட்கார்ந்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துப் போக வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் உள்துணி சுருண்டு மேடு தட்டிவிடும். நான்கு மூலைக்கும் நான்கு சங்குகளைப் பாரமாக வைத்திருந்தாள். அப்படியும், நடுவில் இருப்பவள் எழுந்தால் அடுக்குகள் நழுவும். ஆகவே நூல், கத்தரிக்கோல், மெழுகு, ஊசி எல்லாம் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். இதை அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

நூலுக்கும் கத்தரிக்கோலுக்கும் மெழுகுக்கும் சரி என்றேன். ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. அவள் பாயில் ஒன்று, துணியோரத்தில் இரண்டு, ரவிக்கைத் தோளில் ஒன்று என்று குத்தி வைப்பாள். எங்களிடம் இருந்தவை பதினொன்று. கடைகளில் புது ஊசி கிடைக்கவில்லை. அத்தனையையும் ஒரு கொழும்பு பிஸ்கட் டப்பாவில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அவள் இடத்திலிருந்து ஆறு எட்டு நடக்க வேண்டும். வேண்டியதை எடுக்க வேண்டும், முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். மத்தியானம் சாப்பிடுவதற்கு முன் நான் எண்ணிப் பார்ப்பேன்.

ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி எத்தனை தடவை எழுந்து அந்த ஆறு எட்டு நடப்பாள் என்பதை மட்டும் நான் கணக்குப் போடவில்லை. அவள் நடக்கவுமில்லை. காலையிலேயே இரண்டு ஊசிகளை எடுத்துக்கொள்வாள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கத் தடித்தது ஒன்று, ஓரத்துக்கு மெல்லியது ஒன்று. கையில் ஒன்று இருக்கும்போது மற்றதை உதடுகளுக்கு நடுவில் வைத்திருப்பாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பாயில் குத்தவில்லையே என்று எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

அன்று காலை, வழக்கமாக வரும் மீன்காரி வாசல்படியில் கூடையை இறக்கினாள். இருபது சாளை என்றாள். குந்தி உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். இருபது. சந்தேகம் தீராமல் மூன்றாம் முறை ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, சாளைய எண்ணி முடிச்சுட்டு உள்ள இருக்க முள்ளையும் எண்ணிருங்க. நான் இங்கனயே இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போறேன்" என்றாள்.

உள்ளே என் மனைவி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் என் மேல் இருந்தன.

"முழுங்கிட்டேன்" என்றாள்.

மீன்காரி என்னைத் தாண்டி உள்ளே போனாள். "ஏளா, அசையாத. வாயத் தொற." செதில் ஒட்டிய விரலை விட்டுத் துழாவினாள். "ஒண்ணும் தட்டுப்படல. உள்ள போயிட்டு."

"கீழே விழுந்திருக்கும்" என்றேன்.

"விழுந்தா எனக்குத் தெரியாதா? தொண்டையக் கீறிட்டுல்லா போச்சு."

நான் டப்பாவைக் கவிழ்த்தேன். ஒன்பது. அவள் கையில் ஒன்று. மறுபடி எண்ணினேன். விரிப்பைத் தடவினேன், பாயைத் தூக்கிப் பார்த்தேன், திரும்ப டப்பாவுக்கு வந்தேன்.

"எண்ணுனது போதும் அண்ணாச்சி" என்றாள் மீன்காரி. "வண்டியக் கூப்பிடுங்க."

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரி போகும் வரை மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அது ஊசிக்காகவா பிள்ளைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிள்ளை இருக்கும்போது கத்தி வைப்பதுதான் ஆபத்து என்றார். வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுங்கள், பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும், வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், வலியோ காய்ச்சலோ ரத்தமோ கண்டால் உடனே வாருங்கள் என்றார். பெரும்பாலும் என்றால் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "ஊசிய யாராவது வாயில வைப்பாங்களா? கீழ குத்தி வைக்கதுக்கு என்ன?"

என் மனைவி தாடையால் என்னைக் காட்டினாள். "கீழ குத்துனா இவியளுக்குப் பிடிக்காது. எண்ணும்போது ஒண்ணு கொறஞ்சா அன்னைக்குச் சோறு திங்க மாட்டாவ."

குறை சொல்லும் குரல் இல்லை அது. வழி கேட்டவருக்குத் தெருவைச் சொல்வது போலச் சொன்னாள். நர்ஸ் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

மனைவி சொன்னது உண்மை. இரண்டு முறை நான் இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். இரண்டு முறையும் ஊசி பாய்க்கு அடியில் கிடைத்தது. கிடைத்த பிறகு நான் மறந்துவிட்டேன். நான் பட்டினி கிடக்கக் கூடாது என்று அவள் ஒரு மாதமாக இரும்பை உதட்டில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் எனக்கு அது புரிந்தது.

முதல் நாள் ஆறு பழம், மறுநாள் எட்டு. பார்த்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டரம்மா சொன்ன வேலையை நானே செய்தேன். கொல்லையில் ஒரு மண்சட்டி வைத்து, ஒவ்வொரு முறையும் ஈர்க்குச்சியால் கிளறினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நீங்க இதப் பாக்கதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்" என்றாள்.

"பேசாமல் பழத்தைச் சாப்பிடு" என்றேன்.

இரண்டாம் நாள் இரவு பிள்ளை அசையவில்லை என்றாள். இரண்டு பேரும் அவள் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். பிறகு அசைந்தது. அது உதைத்ததா, வேறு ஏதாவது குத்தியதால் துள்ளியதா என்று எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது.

நான்காம் நாள் காலை ஈர்க்குச்சியில் ஏதோ தட்டியது. கறுத்துப் போயிருந்தது. கழுவி, அடிக்கோலில் வைத்துப் பார்த்தேன். காதும் இருந்தது, முனையும் இருந்தது. கொல்லையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கெடச்சிட்டு" என்று அங்கிருந்தே சொன்னேன்.

"முழுசாவா?"

"ஒன்றே கால் அங்குலம். முழுசு."

 பிறகு, "அத அந்த டப்பாவுல கொண்டு போட்டுராதீங்க" என்றாள்.  சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஊசியைக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன்.

அன்று மத்தியானமே அவள் விரிப்பின் நடுவில் போய் உட்கார்ந்தாள். நான் டப்பாவை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன். ஒன்றை எடுத்துப் பாயில் குத்தினாள். இரண்டைத் துணியோரத்தில் குத்தினாள். என்னைப் பார்த்துக்கொண்டே ஒன்றைத் தோளில் குத்தினாள்.  அவள் இலை போட்டதும், ஊசிகளை எண்ணாமலேயே போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பெண் பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் வீட்டுப் பெண்கள் அதை முதல் முறையாக அந்த விரிப்பில் கிடத்தப் போனார்கள். பொறுங்கள் என்றேன். மண்டி போட்டு, உள்ளங்கையை விரித்து, விரிப்பை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்தித் தடவிக்கொண்டு போனேன். புரட்டிப் போட்டு அடிப்பக்கமும் தடவினேன்.  கையில் எதுவும் குத்தவில்லை. அதன் பிறகுதான் பிள்ளையை இறக்க விட்டேன்.