நிழல் இல்லாத விரல்

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு, சிவகாசியிலிருந்து நான் ஏறிய ரயில் எழும்பூரில் நின்றது. வழியெல்லாம் ஓர் இசைத்தட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தேன். பன்னிரண்டு அங்குலச் சதுர அட்டை. ஒரு மூலை மடங்கினாலும் போச்சு.

பழைய ஜாஸ் தட்டுகள் சேர்க்கும் நாற்பது பேர் ஒரு வாட்ஸாப் குழுவில் இருக்கிறோம். ஏதாவது ஒரு தட்டு மறுபதிப்பாக வந்துவிட்டால் போதும். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் எங்கே மாறியிருக்கிறது, ஓரம் எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது என்று வாரக்கணக்கில் பேசுவோம். நான் ஆஃப்செட் அச்சகத்தில் படங்களைத் திருத்தும் வேலையில் இருப்பவன். அதனால் அச்சுக் குறைகளைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

போன மாதம் வந்த ஒரு மறுபதிப்புதான் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்தது. அறுபதுகளில் கப்பலில் மதராஸ் வந்துபோன ஐந்து அமெரிக்கர்களின் தட்டு அது. அட்டையில் துறைமுகத்துக் கிரேன்களுக்கு முன்னால் ஐவரும் நிற்கிறார்கள். பழைய அட்டையில் இடது ஓரத்திலிருந்து வேறு யாருடைய கையோ நீண்டு, டிரம்பெட்காரரின் தோளில் படிந்திருக்கும். கைக்குரியவரைக் காணோம், வெட்டிவிட்டார்கள். மறுபதிப்பில் மூல நெகட்டிவிலிருந்து முழுப்படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: 'புதிய அட்டையில் குறை இருக்கிறது. தோளில் இருக்கும் கையில் ஒரு விரல் அச்சில் விழவில்லை.'

பத்து நிமிடத்தில் போன் வந்தது. குழுவில் அதிகம் பேசாத செபாஸ்டியன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"எந்த வெரலு சார்?"

"மோதிர விரல்ண்ணே. படம் அனுப்பட்டுமா?"

"வாணாம் சார். நான் கைல வச்சி பாக்கணும். நீங்க இங்க வர முடியுமா?"

அவர் குரலைக் கேட்டபின் காரணம் கேட்கத் தோன்றவில்லை.

ஏழு மணி. எழும்பூரிலிருந்து டோல்கேட்டுக்கு மெட்ரோவில் முப்பது ரூபாய். சென்ட்ரலில் வண்டி மாறினேன். வண்ணாரப்பேட்டை தாண்டிய பிறகு ரயில் தரைக்கு மேலே ஏறுகிறது. கிழக்கே கூரைகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. கீழே நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. ஓர் ஓட்டுநர் லாரிக்கு அடியில் தூளி கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

டோல்கேட் நிலைய வாசலிலேயே செபாஸ்டியன் நின்றிருந்தார். அறுபத்தொரு வயது, வெள்ளைச் சட்டை. "வா சார், பைய குடு" என்று கை நீட்டியவர், உள்ளே என்ன இருக்கிறது என்று நினைவு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். "வாணாம். நீங்களே வச்சிக்கினு வாங்க."

வீடு ஐந்து நிமிட நடை. முன்னறையில் மாதா படம், கீழே அலமாரி நிறையத் தட்டுகள். பழைய அட்டையை மேசையில் தயாராக வைத்திருந்தார். நாட்டில் இது இரண்டோ மூன்றோதான் இருக்கும். எங்கள் குழுவில் பலர் கேட்டும் அவர் கொடுத்ததில்லை. பக்கத்தில் என் அட்டையை வைத்தேன். அவர் குனிந்தார்.

"எங்க நைனா சார்" என்றார்.

அவருடைய அப்பா அந்தோணி துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். இளம் வயதிலேயே இரும்பு வடம் சிக்கி இடது கையில் மோதிர விரல் போய்விட்டது. கப்பலிலிருந்து வாத்தியங்களை இறக்கியபோது அந்த ஐவரும் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்களாம். இரண்டு வருடம் கழித்து ஒரு மாலுமி அந்தத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தோணி அதைக் காட்டுவார்: இது என் கை. ஆனால் அட்டையில் இருந்த கைக்கு ஐந்து விரல்.

"எவனோ வரஞ்சி வுட்டான்ம்பாரு. தெருவே சிரிக்கும். எங்க அக்கா நிச்சயத்துக்கு மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்க. அவங்ககிட்டயும் எடுத்தாந்து காமிச்சாரு. எனக்கு இருவத்திரண்டு வயசு, ஒரே மானக்கேடா பூட்ச்சி. 'நைனா, வெரல எண்ணு. ஊரான் கைய உன் கைன்னு சொல்லாத'ன்னு எல்லார் முன்னாலயும் கத்திட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"அட்டைய எடுத்து பரண் மேல வச்சாரு. சாவுற வரைக்கும் அதப் பத்தி பேசவே இல்ல. அக்காவும் அன்னிலருந்து எங்கிட்ட சரியா பேசறதில்ல. அவர் போன பொறவுதான் தட்ட எறக்கி, ஒரு ப்ளேயர் வாங்கி கேட்டேன். அப்டியே இந்த பைத்தியம் புட்ச்சிக்கிச்சி."

அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸைப் பையிலிருந்து எடுத்தேன். புதிய அட்டையில் அந்த மனிதர் முழுசாக இருந்தார்: காக்கி அரைக்கால் சட்டை, வெற்று மார்பு. கிளிக் செய்த நேரம் தலையைத் திருப்பியிருக்கிறார்; முகம் கலங்கி, காதும் தாடையும் மட்டுமே தெளிவு. தோளில் நான்கு விரல். பழைய அட்டைக்கு லென்ஸை நகர்த்தினேன். மற்ற விரல்களுக்குக் கீழே, டிரம்பெட்காரரின் கோட்டின் மீது மெல்லிய நிழல் விழுந்திருந்தது. மோதிர விரலுக்கு நிழல் இல்லை, நகமும் இல்லை. தூரிகையால் இழுத்த விரல் அது.

"பாருங்கண்ணே" என்று லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். லென்ஸ் ஈரமாகிவிட்டது, சட்டை முனையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அக்கா வூட்டுக்கு போலாம் சார். எண்ணூர். நீங்களும் வாங்க. தனியா போவ எனக்கு தைரியம் இல்ல."

பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். இருநூற்றைம்பது ரூபாய், ஒன்பது கிலோமீட்டர். வலப்புறம் கருங்கல் கொட்டிய கரை; அலை எட்டாத கல் மேல் வலை உலர்ந்தது. இடப்புறம் தொழிற்சாலைச் சுவர்கள் முடியவே இல்லை. நான் மூக்கைப் பொத்தியதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"வெளியூரா சார்? எங்களுக்கு இந்த வாட இல்லன்னாதான் பேஜாரு. கம்பெனி மூடிட்டானோன்னு பயந்துடுவோம்."

செபாஸ்டியன் சிரிக்கவில்லை. இரண்டு அட்டைகளையும் மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அக்கா ரீட்டா, பால்வாடி ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்த பின் எண்ணூர் கத்திவாக்கத்தில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தவர் தம்பியைப் பார்த்து, "இன்னாடா, யாருக்கு இன்னா ஆச்சி?" என்றார். சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வந்த தம்பி அல்லவா.

செபாஸ்டியன் அட்டைகளைக் கட்டிலில் வைத்தார். ரீட்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கலங்கிய முகத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஒரு எடத்துல அடங்கி நின்னாதான நைனா" என்றார்.

"வெரல பாருக்கா. நாலுதான் கீது. அவர் சொன்னது நெசம்."

"எனக்கு தெரியும்டா."

"எப்டி தெரியும்?"

"அவர் சொன்னாரே." கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கும்தான் சொன்னாரு."

"தப்பு பண்ட்டேன்க்கா" என்றார் செபாஸ்டியன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது" என்றார் ரீட்டா. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு பழைய அட்டையைக் கையில் எடுத்தார். "இத எனக்கு குடுத்துரு. நைனா கை பட்டது. புச்ச நீ வச்சிக்க. உனக்குதான் அது தேவ."

சேகரிப்பவன் எவனும் அந்த அட்டையைக் கைவிடமாட்டான். நானாக இருந்தால் தயங்கியிருப்பேன். செபாஸ்டியன் தயங்கவில்லை. உள்ளே இருந்த தட்டோடு சேர்த்து அக்காவிடமே விட்டார். புதியதை நான் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

மதியம் நெத்திலிக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் ரீட்டா தம்பியிடம், "ஃபேன் ஒரு மாசமா கத்திக்கினு கீது. பாத்துட்டு போ" என்றார். அவர் ஸ்டூலைத் தேடினார். மூன்றரை மணிக்கு நான் மட்டும் கிளம்பினேன்.

ரீட்டா வீட்டுக்குச் சாட்சியைக் கொண்டுபோகிறேன் என்ற பெருமையோடுதான் போனேன். திரும்பும் ரயிலில் எனக்கு அந்த விரலை வரைந்தவனின் ஞாபகமே வந்துகொண்டிருந்தது. அவன் கெட்டவன் அல்ல. குறையுள்ள கை யாருக்குப் பிடிக்கும் என்று, நல்லது செய்வதாக நினைத்துத்தான் வரைந்திருப்பான். எங்கள் ஊரில் நானும் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன்: மருவை எடுப்பேன், விழுந்த பல்லை வைப்பேன், வழுக்கையை மறைப்பேன். யாரையும் கேட்டதில்லை.

திங்கள்கிழமை ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலை வந்தது. இறந்தவரின் கன்னத்தில் பெரிய தீத்தழும்பு. கைப்பழக்கத்தில் கணினியில் அதை அழிக்கப் போனவன், எழுந்து வெளியே வந்து, பெஞ்சில் இருந்த அவர் மனைவியிடம், தழும்பை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி" என்றார். "அந்த மூஞ்சியோடதான குடும்பம் நடத்துனேன்."