கைடு நின்ற இடம்

வேப்பம்பலகை கருகினால் அந்த வாசனை மூக்கோடு நிற்காது. நாக்கின் அடியில் வந்து கசக்கும். போன வாரம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நகராமல் நின்றபோது, சாலையோரத்து மரப்பட்டறை ஒன்றிலிருந்து அது ஜன்னல் வழியாக ஏறி வந்தது. எழுந்தேன், கம்பியைப் பிடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "எறங்கணுமா?" என்று காலை ஒதுக்கினார். இறங்க வேண்டியதில்லை. எவனோ அங்கே கைடை நேராக்காமல் பலகை அறுக்கிறான், அவ்வளவுதான்.

திண்டிவனத்தில், மயிலம் போகிற சாலையில், நானும் என் சகலையும் பட்டறை வைத்திருந்தோம். அக்காளை நான் கட்டியிருந்தேன், தங்கையை அவன். வயதில் அவன் சின்னவன்; சகலை என்ற சொல் அந்த வித்தியாசத்தை இழைத்துத் தள்ளிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய மேசை ரம்பம்தான் பட்டறையின் உயிர். இரும்பு மேசை, நடுவில் பாதி வெளியே தெரிய சுழலும் வட்ட பிளேடு, அதற்கு வலப்பக்கம் பலகை ஒட்டிக்கொண்டு போக ஒரு நீளச் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் கைடு என்போம். மேசையின் முன்விளிம்பில் ஓடும் இரும்புப் பட்டையை அதன் தலை கவ்வியிருக்கும். திருகைத் தளர்த்தி, வேண்டிய அகலத்துக்கு நகர்த்தி, முடுக்க வேண்டும். அது பிளேடுக்கு இணையாக நின்றால் பலகை சொன்ன பேச்சு கேட்கும். வால் பிளேடு பக்கம் சாய்ந்தால் பலகை நடுவில் மாட்டி நெரியும், கருகும், சில நேரம் தள்ளுகிறவன் மேலேயே எகிறும்.

எங்கள் கைடு சாய்ந்தது. சகலைதான் முன்னால் நின்று தள்ளுவான். உள்ளங்கையை லேசாக ஒருக்களித்துப் பலகையைச் சமாளிப்பான். நான் பின்பக்கம் நின்று வாங்குவேன். அதற்குத்தான் நான் லாயக்கு. விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை, இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே பாதி ஆயுள். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது நோண்டும். "உன் கையை கட்டிப் போட்டாத்தான் சகலை இந்த ஊரு உருப்படும்" என்பான்.

மின்வெட்டு ஆட்டிப்படைத்த அந்த வருடங்களில் ஒரு நாள், ஜன்னல் கதவுக்கு ஒல்லியாக வேம்பு அறுக்கும்போது ஒரு துண்டு எகிறி அவன் விலாவில் அடித்தது. எலும்பு பிழைத்தது. தோல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. மறுநாள் மச்சினி பட்டறை வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"மாமா, இனிமே எங்க ஊட்டுக்காரரு அந்த மிஷினு முன்னாடி நிக்க மாட்டாரு. கோட்டக்குப்பத்துல ஏஜென்ட்டுகிட்ட சொல்லி வெச்சிக்கீறேன். மஸ்கட்ல மரவேலையாம். அங்கல்லாம் மிஷினு ஒயுங்கா இருக்குமாம்."

"சரி பண்ணிடுறேன்மா. சரியா ஓடினாகூடவா அனுப்புவ?"

"மொதல்ல பண்ணுங்க. அப்பறம் பேசிக்கலாம்."

அந்த 'அப்பறம்' என்ற சொல்லை நான் வாக்குறுதியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் போய்விட்டால் எனக்குப் பட்டறை கிடையாது. அதைவிட, நாள் முழுக்கக் கேலி பேச ஆள் கிடையாது. அன்று சாயங்காலமே கைடைக் கழற்றி, கோணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் கோணியைத் தட்டிப் பார்த்தார். "இன்னா சார், துப்பாக்கியா?"

"ரம்ப மிஷினு சட்டம்."

"யாரையாவது இடிச்சா துப்பாக்கிதான். ஓரமா வெச்சிக்கோ."

விழுப்புரத்து லேத் பட்டறைக்காரர் அதைச் சமதளக் கல்லின்மேல் கிடத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "நூல் புடிச்சாப்ல கீது. இதுல ஒரு குத்தமும் இல்ல." நான் நம்பவில்லை. எனக்குப் புதிதாக ஒன்று வேண்டும், இதைவிடக் கனமாக, இன்றைக்கே. "இன்னாத்துக்கு இவ்ளோ ஜல்தி? மாப்பிள ஊட்ல பொண்ணு பாக்க வராங்களா?" என்றார். செய்து கொடுக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் நான் அந்தத் தெருவை எத்தனை முறை நடந்தேனோ, எதிர் டீக்கடைக்காரர் கேட்காமலே டீ போடத் தொடங்கிவிட்டார்.

புதுக் கைடை மாட்டினோம். பட்டையில் வழக்கமாக நிற்கும் இடத்தில் முடுக்கி, பிளேடின் முன்பல்லிலும் பின்பல்லிலும் அளந்தோம். மயிரிழை வித்தியாசமில்லை. சகலை என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நான் மனதுக்குள் மஸ்கட்டை அனுப்பிவைத்தேன். கைடைக் கொஞ்சம் பிளேடு பக்கம் நகர்த்தி, ஒல்லியான சட்டம் ஒன்று ஓட்டினான். பாதி தூரம்கூடப் போகவில்லை. அதே கசப்புப் புகை.

"புச்சும் பயசும் ஒரே ஜாதி" என்று சுவிட்சை அணைத்தான். "பேஜாரு புடிச்ச மிஷினு சகலை இது. உட்டுடு."

விட முடியவில்லை. மறுபடி திருகைத் தளர்த்தினேன், முடுக்கினேன், தளர்த்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி நின்றது. அவன் மரத்தூள் மூட்டையில் சாய்ந்துகொண்டான். நான் மேசை விளிம்பில் உட்கார்ந்தேன், கால் ஆடியது, கை வழக்கம்போல் எதையோ நோண்டியது.

"அந்த நகத்தை வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? எலி பொறாண்ட்ற மாதிரி கீது."

என் நகத்தில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பெயின்ட். முன்பட்டையிலிருந்து ஒரு செதில் கிளம்பியிருந்தது. பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் வெள்ளி நிறம், அதற்கும் அடியில் மறுபடி பச்சை.

வருடா வருடம் ஆயுத பூசைக்கு மிஷினுக்குப் பெயின்ட் அடிப்பது சகலையின் உற்சவம். டப்பாவை அவனே தேர்ந்தெடுப்பான், பிரஷைக் குழந்தை மாதிரி தூக்கி வருவான். கைடைக் கழற்ற மாட்டோம். ஜன்னல் சட்ட அகலத்தில் அது நிற்கும், நின்ற இடத்திலேயே விட்டுச் சுற்றிலும் அடிப்போம். பிறகு சந்தனம், குங்குமம், பொரி. இத்தனை பூசைகளில் கைடின் தலை கவ்விய இடம் மட்டும் வெறும் இரும்பாகவும், இரண்டு பக்கமும் பெயின்ட் மேடாகவும் ஆகியிருந்தது. நின்ற இடத்தில் கைடு நேராக உட்காரும். இடப்பக்கம் நகர்த்தினால் தலையின் ஒரு முனை மேட்டில் ஏறிக்கொள்ளும், வால் பிளேடைப் பார்த்துச் சாயும்.

விரலால் தடவிக் காட்டினேன். அவனும் தடவினான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். விலா வலித்ததும் கையால் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தான். "பூசை பண்ணி பண்ணியே மிஷினை கோணையாக்கிட்டோமே சகலை!"

உளியை எடுத்தோம். அவன் ஒரு முனையிலிருந்து, நான் மறு முனையிலிருந்து. பச்சை, நீலம், வெள்ளி என்று வருடங்கள் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தன. தின்னர் தொட்டுத் துடைத்ததும் பட்டை, வாங்கிய அன்றைய சாம்பல் நிறத்தில் வெட்கமில்லாமல் பளபளத்தது. கரண்ட் வந்தது. கைடை எங்கே நிறுத்தினாலும் அளவு பிசகவில்லை. ஒல்லிச் சட்டம் கடைசிவரை ஓடியது. சகலை அறுத்த பக்கத்தை என் மூக்கருகே நீட்டினான்.

"மோந்து பாரு."

பச்சை வேம்பின் வாசனை மட்டும். கருகல் இல்லை.

"இப்ப உங்க ஊட்ல இன்னா சொல்லுவாங்க?" என்றேன். ஜெயித்தவன் குரல் எனக்கு.

அவன் பலகையைக் கீழே வைத்தான். மரத்தூளைச் சட்டையிலிருந்து தட்டினான். தட்டி முடித்த பிறகும் தட்டினான்.

"விசா வந்துச்சி சகலை. போன வாரமே. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"அப்ப இதெல்லாம் எதுக்குடா?"

"நான் போனா முன்னாடி நீதானே நிக்கணும். உன் கை ஒரு எடத்துல நிக்காது. இதை இப்டியே உட்டுட்டு எப்டி போவ சொல்ற?"

நான் அவனை நிறுத்துவதற்காகச் சுரண்டினேன். அவன் போவதற்காகச் சுரண்டியிருக்கிறான். ஒரே பட்டை.

அவன் கிளம்பிய காலை, திண்டிவனம் பஸ் நிறுத்தத்தில் மச்சினி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் பெட்டியைக் கீழே வைப்பதும் தூக்குவதுமாக இருந்தேன். சென்னை பஸ் வந்தது. படியில் ஏறியவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். பஸ் நகர்ந்துவிட்டது. நானும் கூடவே நடந்தேன்.

"சகலை, ஆயுத பூசைக்கு பொட்டு மட்டும் வையி. பெயின்ட் அடிக்கிற வேலை வெச்சிக்காத!"