ஒன்பதாம் வாய்ப்பாடு முடியும் வரை

அந்தக் காலத்தில் வலிப்புக்கு எங்கள் ஊரில் எல்லாருக்கும் வைத்தியம் தெரியும். கையில் இரும்பைக் கொடு, அவ்வளவுதான். கல்முனையில் ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சரான எனக்கும் தெரியும். வலிப்பு வரும் பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் முதல் தடவை விழுந்தபோது "திறப்பு! திறப்பு!" என்று கத்தியது வேறு யாருமல்ல, நான்தான்.

மறுநாள் வகுப்பே சாவியும் கையுமாக வந்திருந்தது. அலுமாரித் திறப்பு, பெட்டித் திறப்பு. ஒருத்தி வாப்பாவின் கடைத் திறப்பையே கொண்டுவந்துவிட்டாள். பத்து மணிக்கு, கடை திறக்க முடியாமல் அவர் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நான் போய் இதைச் சொன்னபோது ஆஸ்பத்திரி டொக்டர் சிரிக்கவில்லை. "இரும்பெல்லாம் வேணாம் டீச்சர். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க, வாயில ஒண்டும் வைக்காதீங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா உடனே கொண்டு வாங்க."

ஐந்து நிமிடத்துக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. பள்ளிக்கூட அதிபருடையதை இரவல் வாங்கி, பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லவிட்டுப் பார்த்தேன். இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கினால் ஒன்பதாம் வாய்ப்பாடு முடிய ஐந்து நிமிடம். உட்காரும் வாங்கை நகர்த்த ஒருத்தி, தலைக்குத் துணிப்பை வைக்க ஒருத்தி, பக்கவாட்டில் திருப்ப இருவர், மற்றவர்கள் வாய்ப்பாடு. கணக்கில் முட்டை வாங்குகிறவர்களெல்லாம் அந்த வருடம் வாய்ப்பாட்டில் புலியானார்கள்.

ஒருநாள் அந்தப் பிள்ளையின் உம்மா, அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார்.

"இங்க விழுந்தா நாலு பேர் பாக்கிறாங்க டீச்சர். நாளைக்கு இவளக் கேட்டு ஒருத்தன் வரணுமே. வீட்டோட இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளை, பத்து வயதில் வீட்டுக்குள் அடைப்பதா? கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, அதுதான் என் கேடு. நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை விழுந்துவிட்டாள்.

"அல்லாஹ்வே!" என்று உம்மா பாய்ந்து கையையும் காலையும் அமுக்கப் போனார்.

"பிடிக்காதங்க மாமி!" என்று ஒரு பொடிச்சி குறுக்கே நின்றாள். வாங்கு நகர்ந்தது, துணிப்பை வந்தது, இரண்டு பேர் திருப்பினார்கள், வாய்ப்பாடு தொடங்கியது. எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. நாலாம் வாய்ப்பாட்டின் நடுவில் அவள் உடம்பு ஓய்ந்தது.

அவள் தூங்கி எழும்பும் வரை உம்மா பக்கத்திலேயே குந்தியிருந்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "எனக்கும் காட்டித் தாங்க புள்ள" என்றார்.

மகள்தான் சிமெந்துத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உம்மா அவள் தோளை அழுத்திப் பிடித்தார். மெதுவாகத் திருப்பப் பார்த்தார்.

"இறுக்காதங்க உம்மா. வீட்டிலயும் நீங்க இறுக்கிப் பிடிச்சா அடுத்த நாளும் நோகும்."

"இவ்வளவு நாளும் ஏன் மகள் சொல்லல்ல?"

"நீங்க அழுவீங்களே."

உம்மா அழத்தான் செய்தார். நானும்தான். பிறகு மகளை வகுப்பிலேயே விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போனார்.