தி. 1

குன்னத்து மருந்துக்கடையில் நர்மதாவைப் போல வேகமாகச் சீட்டுப் படிக்க ஆள் கிடையாது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எத்தனை நாள் என்று டாக்டரின் கோழிக் கிறுக்கலை ஒரே பார்வையில் பிரித்துவிடுவாள். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. மாத்திரைக் கவரில் எழுதும்போதும் அதே அவசரம்தான். முழு வார்த்தை எழுத அவளுக்குப் பொறுமை ஏது?

சனிக்கிழமை காலை, பிரஷர் மாத்திரைக்கு வந்த அய்யாக்கண்ணு பழைய கவரை நீட்டி, தினம் ஒண்ணு போடுற அதே மாத்திரை வேணும் என்றார். கவரில் அவள் எழுதியிருந்தது "தி. 1". அவர் சரியாகத்தான் படித்திருந்தார். நர்மதாதான் கவரை வாங்கி இன்னொரு முறை படித்தாள். திங்களன்று பச்சையம்மாளுக்குக் கொடுத்த மூட்டுவாத மாத்திரைக் கவரிலும் அதையேதான் எழுதியிருந்தாள். அங்கே தி என்றால் திங்கள். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. தினமும் விழுங்கினால் ரத்தம் ஊறுவதே நின்று ஆளைக் கொண்டுபோய்விடும்.

போன் நம்பர் இல்லை. ஊர் மட்டும் தெரியும். ஸ்கூட்டியை எடுத்தாள். அந்தம்மா மறந்திருக்கணும், மறந்திருக்கணும் என்று மக்காச்சோளக் காட்டு வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனாள். மருந்தை மறக்கச் சொல்லி வேண்டிக்கொண்ட கடைக்காரி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பச்சையம்மாள் மறக்கிற ஆளில்லை. வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தவள், எழுந்துபோய் அட்டையைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினாள். ஆறு குழி காலி.

"ஒரு நாளும் தவறல பாப்பா. வாய்தான் வெந்து கெடக்கு, கஞ்சிகூட எறங்கல."

இனிமேல் போடாதீங்க, உடனே டாக்டரைப் பார்க்கணும் என்று மட்டும் சொல்லி நர்மதா அவளை வண்டியில் ஏற்றினாள். ஏன் என்று பச்சையம்மாள் கேட்டபோது வண்டியைக் கிளப்பினாள். முதுகில் சாய்ந்திருந்த உடம்பு காய்ச்சலில் கொதித்தது. பெரம்பலூர் வரும்வரை நர்மதா எங்கும் வண்டியை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. இதைத் தினமும் போடச் சொன்னது யார் என்று கேட்டார்.

"கவர்லயே இருக்குதுங்க சார். இந்தப் பாப்பா எழுதுனா தப்பா இருக்காது" என்றாள் பச்சையம்மாள், நர்மதாவின் கையைப் பிடித்தபடி.

"அது திங்கள், சார். எழுதுனது நான்தான்."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். பச்சையம்மாள் பிடித்திருந்த கையை விட்டாள்.