சைக்கிள் பாதையும் பாவுக் கயிறும்

எங்கள் நகரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் என்று தனியே ஒரு பாதை இருந்தது என்றால் வெளியூர் நண்பர்கள் வியப்பார்கள். அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். பூங்காவின் வாசலில் தொடங்கி, ரயில்வே கேட்டுக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தின் அடியில் அது முடிந்தது. முடிந்தது என்பதைவிட நின்றுபோனது என்பதே பொருந்தும். பூங்காவை ஒட்டிக் குடியிருந்தவர்கள் மாலையில் காலாற நடந்துவந்து, அந்த மரத்தடியில் சற்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். சைக்கிளை நம்பியே வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய நாங்களோ கேட்டுக்கு இந்தப் பக்கம், மேட்டூர் சாலையின் ஓரத்தில், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி முள்ளில் இறங்கிக்கொண்டிருந்தோம். தேவை இல்லாதவனுக்குப் பாதை, தேவை உள்ளவனுக்குப் பள்ளம் என்று நான் கல்லூரி மேடைகளில் முழங்கியபோதெல்லாம் கைதட்டல் கிடைத்தது. பாதை மட்டும் ஒரு முழம்கூட நகரவில்லை.

எனக்கு அது வெறும் மேடைப் பொருள் அன்று. பிளஸ் டூ வகுப்புகள் வந்த புதிது. என் தங்கை பத்தாம் வகுப்பில் இருந்தாள். அறிவியல் பிரிவில் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அவள் அந்த ஆண்டு பேசியதாக எனக்கு நினைவில்லை. பெண்களுக்கு அந்தப் பிரிவு இருந்த பள்ளி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. எங்கள் பகுதிக்கு வந்த டவுன் பஸ், வந்த நாட்களில், படிக்கட்டு வரை நிறைந்து வந்தது. நிறுத்தத்தில் நிற்பது ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது. ஆகவே சைக்கிள். ஆனால் எங்கள் அப்பா லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. லாரிகளைப் பற்றி அவரிடம் யாரும் வாதாட முடியாது, நான் உட்பட.

"ரா முழுக்க முழிச்சு வண்டி ஓட்டீட்டு வர்றவனுக்குச் சீட்டு எழுதறவன் நானு" என்றார் ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு. "அவிங்க கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த ரோட்டுல எம் புள்ளைய உட மாட்டன். பாதை நம்ம ஊட்டு வீதி வரைக்கும் வரட்டும், சைக்கிள எடுக்கட்டும். இல்லீனா பத்தாவதோட போதும்."

தங்கை என்னைப் பார்த்தாள். பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் கோப்பை வாங்கியவன் வீட்டில் இருக்கும்போது ஒரு பாதையை வாங்க முடியாதா என்பது அந்தப் பார்வையின் பொருள். வாங்கிக் காட்டுவேன் என்று நான் உறுதி கொண்டேன்.

கேட்டிலிருந்து எங்கள் பகுதி வரை ஒரு பழைய வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. அதை மேவிக் கிராவல் கொட்டி உருட்டினால் போதும். இதைச் சொல்வதற்காக நான் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டேன். எங்கள் பகுதியில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு தறி வீடு. தறிக்காரர்கள் பொதுக்கூட்டம் என்றால் எட்டிப் பார்த்துவிட்டுத் தறிக்குழிக்குத் திரும்பிவிடுகிற இயல்பினர். ஆயினும் என் கூட்டங்களுக்கு அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள்; கடைசி வரை இருந்தார்கள். முன்வரிசையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு மாமா உட்கார்ந்திருப்பார். உறவினர் அல்லர், தெருவே அவரை மாமா என்றுதான் அழைத்தது. பேச்சு முடிந்ததும் எழுந்து ஐயம் கேட்பார். பாதை நேராகப் போகுமா, வளைவு வருமா என்பார். நாண் பூட்டிய வில்லின் நாணைப்போல நேராக என்பேன். ஓரத்து மரங்களை வெட்டிவிடுவார்களா என்பார். நிழலின்றி நடைபாதை ஏது என்பேன். லாரியோ மாட்டுவண்டியோ எந்நேரத்திலும் உள்ளே வராதுதானே என்பார். இயந்திரத்துக்கும் மாட்டுக்கும் இடமில்லை, இது மனிதனின் பாதை என்பேன். கூட்டம் ஆரவாரித்தது. ஒரு நெசவாளர் தெரு நகரமைப்பில் இத்தனை நுட்பமான அக்கறை காட்டுவதை எண்ணி நான் பூரித்தேன்.

வாய்க்கால் ஓரத்தில் குப்பைக்குழியும் வேலியும் போட்டிருந்தவர்கள், ஒருவர்கூட முணுமுணுக்காமல், தாங்களே அவற்றை எடுத்துக்கொண்டார்கள். தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சும் எழவே, கவுன்சிலர் சுறுசுறுப்பானார். மே மாதம் ரோலர் வந்தது. பள்ளி திறப்பதற்குள் பாதை எங்கள் தெருமுனையைத் தொட்டது. திறப்பு விழாவில் ஓடுகளமாய்க் கிடந்த அந்தச் செம்மண் நீளத்தைக் காட்டி நான் பேசியதைக் கவுன்சிலரே இருமுறை பாராட்டினார். அப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டு, மறுநாளே தங்கைக்கு ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பள்ளி திறந்த அன்று காலை, புதுத் தாவணியும் புத்தகப் பையுமாக அவள் புறப்பட்டாள். நான் வழியனுப்பத் தெருமுனை வரை போனேன். பாதையைப் பார்த்தேன், பாதையைக் காணவில்லை.

எங்கள் தெருவின் பாவுகள் அனைத்தும் அங்கே இருந்தன. நெய்வதற்கு முன்னால் பாவை, அதாவது தறியின் நீளவாட்டு நூலை, முழு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, நூல் முறுகாதபடி மரநிழலில் காலை இளவெயிலில் உலர்த்த வேண்டும். அதற்கென்று எங்கள் பகுதியில் ஒரு பாவடி இருந்தது. நகராட்சி தண்ணீர்த் தொட்டி கட்டியதில் அது போய்விட்டது. அன்றிலிருந்து அவர்கள் வளைந்த சந்துகளிலும் வண்டி புழங்கும் வீதிகளிலும் பாவை நீட்டி, அவிழ்த்து, மறுபடி நீட்டி அல்லாடிக்கொண்டிருந்தார்கள். நேரான, நிழலுள்ள, லாரி வராத ஒரு நீண்ட தரையை நகராட்சி உருட்டிக் கொடுத்தால் அவர்கள் அதை என்னவென்று எண்ணுவார்கள்? மாமா கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அந்த ஒரு கணத்தில் எனக்கு விளங்கியது.

மூங்கில் கவைகளின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக நீலமும் சிவப்புமாய்ப் பாவுகள். பாவின் இரு பக்கமும் ஆணும் பெண்ணும் கஞ்சியை நூலில் தேய்க்கும் நீண்ட பிரஷைப் பிடித்து நடந்தார்கள். பக்கவாட்டில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் அளவுக்கு இடம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாவின் முனையிலும் இரண்டு கயிறுகள், பாதையின் இரு ஓரத்து முளைகளுக்கும் முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஆகாது என்று பாவுக் கயிற்றை யாரும் தாண்ட மாட்டார்கள். நாய் தாண்டினால்கூட விரட்டிவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். தங்கை இறங்கி நின்று பார்த்தாள். சைக்கிளைத் திருப்பி மேட்டூர் சாலையில் ஏறினாள்.

நான் சினத்தோடு மாமாவிடம் போனேன். பொதுச்சொத்து என்றால் என்ன, அதன் பயன்பாட்டு வரம்பு என்ன, தனிநலம் பொதுநலத்தை விழுங்கும்போது சமுதாயம் எவ்வாறு சிதைகிறது என்று, முன்னுரை, பொருளுரை, முடிவுரை எதுவும் குறையாமல் பேசினேன். யாரும் இடைமறிக்கவில்லை. பிரஷ் போவதும் வருவதுமாக இருந்தது. முடித்ததும் மாமாவின் மனைவி, நாங்கள் அத்தை என்று அழைப்பவர், கஞ்சிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நெம்ப நல்லாப் பேசற சாமி" என்றார். "மேடையிலயும் நீதான பேசுன? லாரி வராது, காரு வராது, மாடு வராதுன்னு சொன்ன. பாவு வராதுன்னு சொன்னியா?"

"அப்படிச் சொல்லியிருந்தா இந்த வீதியில எவன் கை தட்டியிருப்பான்?" என்றார் மாமா. நூல் மறுபடி ஈரமாகிக்கொண்டிருந்தது.

கவுன்சிலரிடம் போனேன். அவர் நாற்காலி கொடுத்து, காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். மக்கள் பாதையை மக்கள்தானே பயன்படுத்துகிறார்கள், இதில் குறை காண என்ன இருக்கிறது என்றார். முன்பெல்லாம் பாதை போட்டால் ஆள் நடமாட்டமே இருக்காது, இங்கே பாருங்கள் எத்தனை கூட்டம் என்று பெருமைப்பட்டார். கடைசியில், வேண்டுமானால் இந்தப் பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை கேட்டு நீங்களே ஒரு கூட்டம் போடுங்கள், நானே தலைமை தாங்குகிறேன் என்றார். ஓர் ஆண்டு நான் சேர்த்த சொற்கள் அனைத்தும் அந்தக் காபி டம்ளருக்குள் ஆறிப்போயின.

அந்த வாரமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. புக்கிங் ஆபீசுக்கு வந்த ஒரு டிரைவர், உங்க பாப்பா நல்லா சைக்கிள் மிதிக்குதுங்க, கேட்டுக்கிட்ட ஆரன் அடிச்சன், கொஞ்சங்கூடப் பயப்படலீங்க என்று மெச்சியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைப் பூட்டினார். சாவியைத் தன் பனியன் பைக்குள் போட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. மறுநாள் தங்கை பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

நான் உட்கார்ந்து வார்டு கூட்டத்துக்கு ஓர் உரை தயாரித்தேன். பாவுகளை அங்கிருந்து அகற்ற வேண்டும், முளை அடிப்போருக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்று வலியுறுத்தும் உரை. நான் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். வாசித்துக் காட்டினேன். தங்கை கேட்டுவிட்டு, "இதப் பேசாத அண்ணா" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"பேசுனா கை தட்டுவாங்க. கை தட்டீட்டுப் போய்ப் பாவு போடுவாங்க."

மறுநாள் விடிந்ததும் அவள் தனியாகப் பாதைக்குப் போனாள். என்ன பேசினாள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னதைத்தான் கேட்டேன். ஓரத்துக் கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்து, பாவுக்கு நேராக நின்று ஓர் ஆள் இழுத்துப் பிடித்துக்கொண்டால், பக்கத்தில் சைக்கிள் போக இடம் கிடைக்கும். கயிறு தளரக் கூடாது. தளர்ந்தால் ஈர நூல் தொங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கஞ்சி காய்வதற்குள் பிரஷ் போட வேண்டியிருப்பதால் அவர்களால் ஓர் ஆளை விட முடியாது. பிடிக்க ஆள் கொண்டுவந்தால் தாராளமாகப் போகலாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

ஆளுக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டார்.

"அண்ணன் வாரேன்னு சொல்லீருச்சுங்க" என்றாள்.

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய கை பனியன் பைக்குப் போனது. சாவி வெளியே வந்தபின் நான் எதைச் சொல்லி மறுப்பது?

அன்றிலிருந்து காலைதோறும் நான் கயிறு பிடிக்கிறேன். முதல் பாவில் பிடித்து, அவளை அனுப்பி, மறுபடி முளையில் கட்டிவிட்டு, அடுத்ததற்கு ஓடுகிறேன். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு மில்லுக்குப் போகிறவர்கள். கயிற்றுக்காரத் தம்பி எங்கே என்று கேட்கிற அளவுக்கு என் புகழ் பரவியிருக்கிறது. மாவட்டக் கோப்பை வாங்கியபோது இந்தத் தெருவில் என்னை இத்தனை பேருக்குத் தெரியாது.

இது முறையற்றது என்ற என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. பாவடியைப் பறித்தவர்கள் பாவடி தந்திருக்க வேண்டும். பாதை போட்டவர்கள் பாதையைக் காத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாதவர்கள், நகரப் படத்தில் பூங்கா முதல் எங்கள் தெருமுனை வரை அறுபடாத ஒரு கோட்டை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு அறுபடாமல் இருப்பது ஒரு பட்டப்படிப்பு மாணவனின் கையில் இருக்கிறது என்று படத்தில் எங்கும் குறிக்கவில்லை.

நேரத்தை வீணாக்க மனமின்றி, கயிறு பிடித்துக்கொண்டே பேச்சுப் பயிற்சி செய்து பார்த்தேன். பல்கலைக்கழகப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. உச்சக்கட்டத்தில் வலக்கையை உயர்த்துவது என் வழக்கம். உயர்த்தினேன்.

"கையை ஆட்டாத தம்பி" என்றார் மாமா, பாவின் மறுமுனையிலிருந்து. "நூலு தொங்குது."

அத்தை சிரித்தார். தங்கை என்னைக் கடந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். அடுத்த பாவின் கயிற்றுக்கு முன்னால் நின்று, மணியை அடித்தாள். எனக்காகத்தான்.