விண்கலத்துக்குப் பூ கேட்ட அப்பா

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆனி மாதம். எனக்குக் கோவையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. கூடவே ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வீட்டிலிருந்து ஒரு வரனும் வந்து நின்றது. "புள்ள படிச்ச வரைக்கும் போதுமுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள நிச்சயம் பண்ணிப்போட்டா ஆவணியில கல்யாணத்த வெச்சுக்கலாமுங்க" என்று காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். படிப்பா, கல்யாணமா என்று அப்பா வாயே திறக்கவில்லை.

அதற்குத்தான் திறக்கவில்லை. மற்றபடி அந்த நாட்களில் அவருக்கு ஓயாத பேச்சு, எல்லாம் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ரஷ்ய விண்வெளி நிலையத்தைப் பற்றி. கொஞ்ச நாள் முன்னால்தான் ஆளில்லாத சரக்குக் கலம் ஒன்று, அதனோடு இணைக்கப் பார்க்கும்போது இடித்து ஓட்டை போட்டிருந்தது. நிலையத்துக்குள் இருந்த மூன்று பேரும் போதிய மின்சாரமில்லாமல் பாதி இருட்டில் தவித்தார்கள். பழுது பார்க்கிற சாமான்களோடு இன்னொரு சரக்குக் கலம் கிளம்பியிருந்தது. அது ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே என்று எங்கள் வீட்டில் ஒரே தவிப்பு.

அப்பா சரவணம்பட்டியில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புக்கு உதிரி பாகங்கள் கடைவார். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய சாமான் எதுவானாலும் அவருக்கு உயிர். "அத்தன வேகத்துல ஓடற ரெண்டையும் இம்மி பிசகாம சேக்கோணுமாமா கண்ணு! இங்க நின்ன எடத்துல நிக்கற பீஸே ஒழுங்கா உக்கார மாட்டீங்குது" என்பார். நான் அவருக்குப் பேப்பர் படித்துச் சொல்வேன். சாயங்காலம் சிற்றலை ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு கரகரப்புக்கு நடுவே செய்தி பிடிப்பேன். மகளோடு உட்கார்ந்து இவ்வளவு கேட்கிற மனிதர் படிப்பை நிறுத்துவாரா என்று தைரியமாக இருந்தேன். சரியான மண்டு நான்.

கலம் கிளம்பிய மறுநாள் அப்பா சத்தியமங்கலம் போகிற வழியில் இருக்கும் எங்கள் குலதெய்வமான அம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய்வந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் ரேடியோவில் செய்தி வந்தது. கலம் நிலையத்தோடு இணைந்துவிட்டது! செருப்புக்கூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினேன். "அப்பா, சேந்துருச்சுங்க! நல்லபடியா சேந்துருச்சுங்கப்பா!"

அப்பா லேத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த மூன்று பேருக்காக என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்: "ஏ புள்ள! ஆனமலைக்குப் போன் போட்டு, நமக்குச் சம்மதம்னு சொல்லீரலாம் வா."

அம்மாதான் என்னைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தை உடைத்தாள். அப்பா கோயிலில் பூ கேட்டிருக்கிறார். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூ கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எல்லாரும் இதோடு விட்டுவிடுவார்கள். லேத்துக்காரர் விடுவாரா? புது அளவுக்கோல் வாங்கினால் அளவு தெரிந்த பீஸில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாரே! அதனால் முதலில் அந்தக் கலம் போய்ச் சேருமா என்று கேட்டிருக்கிறார். வெள்ளை. அப்புறம் என் கல்யாணம். அதற்கும் வெள்ளை. கலம் சேர்ந்துவிட்டால் அம்மன் வாக்கு பலித்த மாதிரி, அப்போது ரெண்டாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்திருக்கிறார். அந்தச் சேதியை மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னவள் நான்.

நேரே அவரிடம் போய் நின்றேன். "என்ர படிப்புக்கு எந்தப் பூ வந்துச்சுங்கப்பா?"

"அதுக்கெதுக்கு கண்ணு பூ?" என்றார். கோபமே இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எங்கேயோ இருக்கிற ரஷ்யாக்காரனுக்காக அம்மன் முன்னால் கைகட்டி நின்றவருக்கு, என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கட்டியவர் கெட்டவரில்லை, எங்கே போனாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன். ஆனால் தோப்பு வீட்டில் தேங்காய் எண்ணிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கலம் சேராமல் தவறியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மேலே மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் பெண்டு பிள்ளைகள் காத்திருந்திருப்பார்கள். அவர்கள் செத்துத் தொலைந்திருந்தால் நான் படித்திருப்பேனே என்று நினைக்கிறவளாக என்னை ஆக்கிவிட்டார். கல்யாணத்துக்காகக்கூட அப்பாவை மன்னித்துவிடுவேன். இதற்கு என்னால் முடியவில்லை.