கண்ணாடிக் கடையில் ஒரு ஃபைட்டர் மீன்

கண்ணாடிக் கடைக்காரனின் தலையெழுத்து விசித்திரமானது: வருகிற யாரும் சரக்கைப் பார்ப்பதில்லை, தங்களைத்தான் பார்க்கிறார்கள். மீசையைத் தடவுவார்கள், பவுடரைச் சரிசெய்வார்கள், பல்லிடுக்கில் இருக்கும் கீரையை எடுப்பார்கள், "அப்புறமா வர்றேங்க" என்று போய்விடுவார்கள். ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர்களே, பிரித்துப் போட்ட புடவைகளைத் திரும்ப மடிக்கிற உங்கள் வேதனை எனக்குப் புரியும். என் வேதனை கைரேகை துடைப்பது. எழுபதுகளின் தொடக்கத்தில், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், படங்களுக்கு ஃப்ரேம் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியும் விற்றுக்கொண்டிருந்தேன். அந்தச் சலிப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டது ஒரு மீன்.

மடியில் வந்த பயணி

சரக்கு எடுக்க பெங்களூர் போயிருந்தேன். மார்க்கெட் சந்தில் ஒரு கடையில் வரிசையாக ஜாம் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஓர் அட்டை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை உருவினார். ஐயோ, அதை என்னவென்று சொல்வேன்! அதுவரை சும்மா கிடந்த சிவப்பு மீன், பக்கத்துப் பாட்டில்காரனைக் கண்டதும் வாலை விரித்து, செவுளை உப்பிக்கொண்டு, நீலமும் சிவப்புமாக மின்னியபடி வந்து முட்டியது. "ஃபைட்டர்" என்றார் கடைக்காரர். அட்டை எதற்கு என்று நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற நிலையிலா இருந்தேன்? ஆளுயரக் கண்ணாடிகளை லாரியில் ஏற்றிவிட்டு, பாட்டிலும் கையுமாக பஸ் ஏறினேன்.

இந்த மீன் மேலே வந்து காற்றையும் குடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வழியெல்லாம் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பின் சீட்டுக்காரர்கள் எழுந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டரும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனுக்கு டிக்கெட் வேணாங்க. தண்ணி மட்டும் சிந்துச்சின்னா, உங்க சட்டையக் கழட்டித்தான் சீட்டத் தொடைக்க வுடுவேன்."

குடித்தனம்

எங்கள் கடையில் கண்ணாடி அறுக்கிறவர் பாஷா பாய். "சரக்கெடுக்கப் போன ஆளு மீனெடுத்துக்கிட்டு வந்தா கடை உருப்பட்டாப்பலதான்" என்று முணுமுணுத்தார். ஆனால் தொட்டிக்குக் கண்ணாடி அறுக்கச் சொன்னபோது, கல்யாண ஆர்டரைக்கூட ஓரமாக வைத்துவிட்டு அறுத்தார். வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, புட்டிப் பசை வைத்துக் கண்ணாடியை ஒட்டி, எண்ணெய் வாடை போகிறவரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினோம். ஆற்றுமணலை அலசிக் கொட்டினேன். ஏரியில் இறங்கி வேலம்பாசி பிடுங்கி வந்து நட்டேன். எகிறிக் குதித்துவிடாமல் இருக்க மேலே வலை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பச்சைப் பாசிக்கு நடுவே அந்தச் சிவப்பு நீந்தியபோது, புது வீடு கட்டிக் குடிபோன சந்தோஷம் எனக்கு! பாஷா பாய் 'பயில்வான்' என்று பேர் வைத்தார்.

மகனின் கல்யாண போட்டோவுக்கு ஃப்ரேம் போட ஏரியூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். "ஒத்தையாக் கெடக்குதே பாவம், இன்னொண்ணு வாங்கி வுடக்கூடாதுங்களா?" என்று கேட்டார். இன்னொரு ஆண் மீனை விட்டால் இரண்டில் ஒன்று சாகிறவரை சண்டை ஓயாது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப எங்க பங்காளிங்க மாதிரிதாங்க. எங்களுக்கு நடுவுல வரப்பு போட்டும் தீரல."

வீரக் கண்ணாடி

மறுநாள் காலை கடையைத் திறந்து, லாரியில் வந்த கட்டைப் பிரித்து, எதிர்ச் சுவரில் புது ஆளுயரக் கண்ணாடிகளைச் சாத்தி வைத்தேன். பயில்வான் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்! பெங்களூரில் பார்த்த அதே கோலம். வால் விசிறியாக விரிந்தது, செவுள் புடைத்தது, தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பாய்ந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கடைக்குள் வந்து குவிந்தார்கள். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நான் மேலும் இரண்டு கண்ணாடிகளை வைத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சண்டை! என் கடையில் முதல்முறையாக ஜனங்கள் தங்கள் மூஞ்சியை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்தார்கள். பார்த்த கையோடு வாங்கவும் செய்தார்கள். என் கால் தரையில் பாவவில்லை.

பென்னாகரத்துக்குப் பெண் பார்க்கப் போகிற வழியில் ஒரு வாலிபர் வந்தார். சின்னக் கண்ணாடிகளாக எடுத்துக் காட்டினேன். எதையும் தொடவில்லை. தொட்டியை ஒட்டியிருந்ததைக் கைகாட்டினார். "அந்த மீனு பார்க்குற கண்ணாடியவே குடுங்கண்ணா. பொண்ணோட அப்பாவப் பார்த்துப் பேச எனக்கும் கொஞ்சம் வீரம் வேணும்."

பட்டினி

தை பிறந்தது. சீர்வரிசைக்கு ஆளுயரக் கண்ணாடி வாங்க வருகிற மாதம், எங்கள் வருஷத்தையே நிமிர்த்துகிற மாதம். அந்த நேரம் பார்த்து பயில்வான் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கொசுப்புழுவைப் பிடித்துவந்து போட்டேன். அது அவர் மூக்குக்கு முன்னாலேயே நெளிந்து விளையாடியது. வால் சுருங்கி, ஓரம் கிழிந்து, நிறம் மங்கி, பாசிக்கு அடியில் படுத்துவிட்டார். மேலே போய்க் காற்றுக் குடித்துவிட்டு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கிணற்றுத் தண்ணீர் மாற்றினேன், புதுப் பாசி வைத்தேன், புட்டிப் பசையில்தான் விஷமோ என்று பயந்தேன். எனக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு மீனுக்காக இப்படித் தவிப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அன்று மகளின் சீருக்காக ஓர் அம்மாள் கண்ணாடி எடுக்க வந்தார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார். கடைசியில் சோர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீனை அவர் கவனிக்கவே இல்லை. தன் பாட்டைத்தான் சொன்னார்: "எப்படிங்க நாளெல்லாம் இங்க உக்கார்றீங்க? எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒருத்தி என்னையே மொறைச்சிக்கிட்டு நிக்கிறா!"

முதுகு காட்டிய சரக்கு

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக்குள் எதிரி அசராமல் நிற்கிறான். பயில்வான் பாய்ந்தால் அவனும் பாய்கிறான். காலையிலிருந்து கடை சாத்துகிறவரை இதே கதை. யார்தான் தாங்குவார்கள்? அந்த அம்மாளுக்கு விலை சொல்லக்கூட நிற்காமல் எழுந்து, தொட்டி பக்கமிருந்த கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன். அடுத்ததைத் திருப்பினேன். கடையிலிருந்த அத்தனையையும் திருப்பிவிட்டேன்.

அட்டை கட்டி மறைத்தால் வெளிச்சமில்லாமல் பாசி அழுகிவிடும். தொட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்பீர்கள். நகர்த்தினால் புட்டிப் பசை விட்டுவிடும். மீனை மட்டும் கொண்டுபோகலாமென்றால், இருக்கிற தெம்பில் இன்னொரு பாட்டில் வாசத்தை அவர் தாங்கமாட்டார். பாஷா பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "தை மாசத்துல கண்ணாடியத் திருப்பி வெச்ச ஒரே கடை ஜில்லாவுலயே நம்ம கடைதான்" என்றார். நியாயம்தான். வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள், எதிர்க்கடைக்குப் போனார்கள். ஆனாலும் பழையபடி திருப்பி வைக்க மனசு வரவில்லை. தீர்த்தமலைக்குப் போய்வந்து சாமி படத்துக்கு ஃப்ரேம் போடச் சொன்ன ஒரு பெரியவர், வரிசையாக நின்ற கண்ணாடிகளின் முதுகுப் பலகைகளைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்க, எல்லாக் கண்ணாடியும் கோவிச்சிக்கிட்டு நிக்குதே, என்னா சொன்னீங்க அதுங்கள?"

நுரை

முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு காலை, நான் போட்ட புழுவை நோக்கிப் பயில்வான் மெதுவாக ஏறிவந்தார். பார்த்தார். யோசித்தார். கவ்வினார்! நான் போட்ட கூச்சலில் பாஷா பாய் கையிலிருந்த கண்ணாடி கோணலாக உடைந்தது. அதற்கு ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, ஓடிவந்து பார்த்தார். கொஞ்ச நாளில் வால் நீண்டது, நிறம் ஏறியது. ஒருநாள் பாசிக்கு நடுவே தண்ணீரின் மேல் கொத்தாக நுரை. யாரோ சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று பதறி அள்ளப்போனேன். அப்போதுதான் பயில்வானே காற்றைக் குடித்து, முத்து முத்தாக ஊதி அங்கே ஒட்டுவதைப் பார்த்தேன். முட்டைக்கு வீடு கட்டுகிறார்! பெண்ணும் இல்லை, பேச்சும் இல்லை, வீடு மட்டும் தயார்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாஷா பாயும் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடித் தூசு என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து, சுவரோரம் இருந்த பெரிய கண்ணாடியை உரிமையோடு திருப்பினார். கடை என் பேரில்தான் இருந்தது; ஆனாலும் பாஷா பாய் என்னைத் தம்பி என்பாரே தவிர ஒருநாளும் முதலாளி என்றதில்லை. அவர் பாய்ந்துபோய் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வேணும்னா வாங்கிக்கிட்டுப் போய் வூட்டுல பாருங்க! இங்க திருப்பாதீங்க, எங்க முதலாளி வூடு கட்டிக்கிட்டிருக்காரு!"

கண்ணாடியில் தெரிகிறவனோடு சண்டை போட்டே இளைத்துப்போனவர்கள் எத்தனையோ பேரை என் தொழிலில் பார்த்துவிட்டேன், அதைத் திருப்பி வைத்ததும் பேசாமல் சாப்பிட வந்தவர் பயில்வான் ஒருவர்தான்.